மூன்றாவது குட்டி குடித்த பால்

சித்திக்குப் பால் போதவில்லை என்று முதலில் சந்தேகப்பட்டவள் அம்மா. சந்தேகப்பட அவளுக்கு உரிமையும் இருந்தது. தாயில்லாத தங்கையைத் தலைப்பிரசவத்துக்குத் திருச்சுழிப் பக்கம் இருந்த எங்கள் ஊருக்கு அழைத்து வந்தவள் அவள்தான். பொழுது சாய்ந்தால் போதும், பிள்ளை வீறிட்டு அழுதான். தனக்கு இல்லாதது கூடப்பிறந்தவளுக்கு மட்டும் எப்படி இருக்கும் என்பது அம்மாவின் கணக்கு. அதற்குச் சாட்சி நான். டப்பாப் பாலில் வளர்ந்தவள். எனக்கு வாங்கிய டப்பா அப்போதும் அடுப்படியில் மல்லித்தூளோடு இருந்தது.

அருப்புக்கோட்டையிலிருந்து புது டப்பா வந்தது. அந்தி நேரத்தில் அம்மா வெந்நீரில் மாவைக் கரைத்துப் பாட்டிலைச் சித்தியிடம் நீட்டுவாள். கண் படும் என்பதால் கதவு சாத்தப்படும். பாட்டில் காலியாகத் திரும்பி வரும். பிள்ளை உருண்டு திரண்டான். அம்மா நிம்மதியானாள்.

என் சந்தேகம் சித்தப்பாவின் மேல். அருப்புக்கோட்டை மில்லில் ஷிப்டு முடிந்ததும் தினமும் பைக்கில் வந்துவிடுவார். வந்த மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிக்காமல், பிள்ளையின் ஈரத்துணிகளை அலசிக் கொடியில் காயப்போடுவார். தின்ற தட்டைக்கூடக் கழுவாத ஆள் என்று சித்தியே சொல்லியிருந்தாள். கேட்காமல் வேலை செய்யும் ஆண்பிள்ளையை எங்கள் வீட்டில் நான் பார்த்ததில்லை. பிறகு அறைக்குள் போவார். கொஞ்ச நேரத்தில் சட்டைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் நடப்பார்.

ஒருநாள் ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டேன். உள்ளே சித்தியின் குரல் உடைந்திருந்தது.

“அக்கா சொல்றது நெசமாத்தான் இருக்குமோ? குடிச்சு முடிக்கிறான், மறுபடி அழுகுறான்.”

“கொடியப் போய்ப் பாரு, துணி போட எடமில்ல,” என்றார் சித்தப்பா. “உள்ள போகாமயா வெளிய வருது? ஆஸ்பத்திரில நர்சம்மா என்ன சொன்னாக? சப்பச் சப்பத்தான் ஊறும். நீ மறுபடி மாருல போடு.”

சித்தி அழுகையை நிறுத்தினாள். சித்தப்பா வெளியே வந்தார். பின்னாலேயே போனேன்.

கொல்லையில் கருவேல மரத்தடியில் எங்கள் ஆட்டின் மூன்றாவது குட்டி கட்டிக் கிடந்தது. ஆட்டுக்குக் காம்பு இரண்டு. முட்டி மோதி முந்திய குட்டிகள் இரண்டும் குடித்துவிடும். இது தேறாது என்று அம்மா கைவிட்ட குட்டி. சித்தப்பா சட்டைக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்து அதன் வாயில் வைத்தார். வால் துடிக்கத் துடிக்க அது இழுத்தது.

என்னைப் பார்த்து அவர் பதறவில்லை.

“கீழ ஊத்துனா எறும்பு காட்டிக் குடுத்துரும்,” என்றார். “ஒங்கம்மாட்டச் சொல்லிராத தாயி. அவுக மனசு கஷ்டப்படும்.”

அந்தக் கடைசி வார்த்தையைத்தான் நான் அதிகம் சந்தேகப்பட்டேன். களவு செய்கிறவர் பறிகொடுத்தவரின் மனசைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?

அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு எடை போடும் நாள் வந்தது. முள் நகர்ந்ததைப் பார்த்து டீச்சர் நல்ல எடை என்றார். அம்மா சுற்றியிருந்த பெண்களைப் பார்த்துச் சொன்னாள்: “எல்லாம் டப்பாப் பாலு. இவள நம்பியிருந்தா புள்ள எலும்பாப் போயிருக்கும்.” சித்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

உண்மை தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்ற பெருமையில் வாயைத் திறந்தேன்.

“அந்தப் பால நம்ம ஆட்டுக்குட்டியில்ல குடிச்சுச்சு.”

எப்படி, யார் என்பதையும் சொல்லி முடித்தேன்.  பக்கத்து வீட்டு அத்தை, “அப்ப அதையும் தூக்கிட்டு வாங்க மதினி, எடை போட்டுப் பாப்போம்,” என்றாள். பெண்கள் சிரித்து ஓய வெகுநேரம் ஆனது. அம்மா சிரிக்கவில்லை.

வீட்டில் சண்டை நடக்கும் என்று எதிர்பார்த்தேன். அந்தியில் பிள்ளை வழக்கம்போல அழுதான். அம்மா பால் கரைக்கவில்லை. அறைக்குள் போய்ச் சித்தியின் அருகில் உட்கார்ந்து, பிள்ளையைப் போடச் சொன்னாள். கதவைச் சாத்த மறந்துவிட்டாள். பிள்ளை விழுங்கும் சத்தம் வாசல் வரை கேட்டது. கடைவாயில் வழிந்த பாலை அம்மா முந்தானையால் துடைத்தாள். ஈரமான அந்த முனையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கும் இருந்திருக்கும்ல?”

சித்தி பிள்ளையை மறுபக்கம் மாற்றிப் போட்டாள். அம்மா வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள்.

“மூணாம் நாளே இல்லைன்னுட்டாக. இவளும் அழுதுக்கிட்டே கெடந்தா. நானும் நம்பிட்டேன்.”

பிறகு என்னைக் கூப்பிட்டாள். நாலாம் வகுப்பு படிக்கிறவளை மடியில் சாய்த்துத் தலைமயிரைக் கோதினாள். முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பேன் பார்க்கிறாளா, அடிக்கப் போகிறாளா என்று தெரியாமல், எழுந்து ஓடத் தோதாக ஒரு காலைத் தரையில் ஊன்றியே வைத்திருந்தேன்.