நோர்வூட் பஸ்சுக்குத் தமிழ்ப் போர்டு

"போனில தமிழ் வராது பிள்ளை. நீர் இங்கிலீசில செய்யும்," என்றார் சார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள் அவை. மலையகத்தில், அட்டனில் ஞாயிற்றுக்கிழமை கணினி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆளுக்கொரு கைபேசிச் செயலி செய்து காட்டினால்தான் சான்றிதழ். இல்லையென்றால் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து பறிக்கப் போகவேண்டும். அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் எடுத்துக்கொண்டது பஸ் நேரம். டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை. அந்தப் பஸ்களில் இடிபடுவது எங்கள் சனங்கள். அவர்களுக்கு எதற்கு இங்கிலீசு?

"எங்கம்மாவுக்குத் தமிழ் மட்டுந்தான் வாசிக்கத் தெரியும் சார். அவங்க பாக்க முடியாத பஸ் நேரம் யாருக்கு?" என்றேன். சார் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுசன்தான். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கெங்கோ தேடி ஒரு தமிழ் எழுத்துருவை இறக்கினேன். என் போனின் மெமரி கார்டில் போட்டு, அணைத்துத் திறந்தேன். அம்மாடி! நோர்வூட், நோர்வூட்டாகவே வந்து நின்றது.

காட்டவேண்டிய நாளில் சார் தன் போனில் ஏற்றச் சொன்னார். ஏற்றினேன். ஊர்ப்பேர் வரவேண்டிய இடமெல்லாம் நாங்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பராக்கள் மாதிரி வரிசையாக வெறுங்கட்டங்கள். எழுத்துரு என் போனில்தான் இருந்தது, செயலிக்குள் இல்லை.

"அடியே, ஒன் பஸ்சுக்கு போர்டே இல்லியேடி!" என்று கடைசி வாங்குப் பலகையிலிருந்து ஒருத்தி கத்தினாள். வகுப்பே சிரித்தது.

"இங்கிலீசில மாத்தும். இப்பவே பாஸ் போடுறன்," என்றார் சார்.

"மாட்டேன் சார். அடுத்த ஞாயிறு காட்டுறேன்."

"அப்பவும் வராட்டி?"

"கொழுந்து பறிக்கப் பெரட்டுக்குப் போறேன். காட்டுனா தமிழ்லதான் காட்டுவேன்."

அந்த வாரம் எழுத்துருவை நம்பவில்லை. ஊர்ப்பேர்களுக்கு வேண்டிய எழுத்துகளையும் இலக்கங்களையும் ஒவ்வொன்றாகச் சின்னப் படமாக வரைந்து செயலிக்குள்ளேயே அடைத்தேன். எந்தப் போனுக்குப் போனாலும் எழுத்து கூடவே போகட்டும்.

ஞாயிறு அம்மாவையும் கூட்டிப் போனேன். சாரின் போனிலேயே ஏற்றி அம்மாவிடம் நீட்டினேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். யாரும் சிரிக்கவில்லை. வாய்க்குள் முணுமுணுத்து வாசித்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"நோர்வூட் பஸ் வர்ற நேரமாச்சுங்க சார். பாஸ் போடுறீங்களா, நாங்க கெளம்பவா?"

சார் பேனாவை எடுத்தார். என் பேர் தோட்டத்தில் பதியப்படவேயில்லை.