சிசிலிக்குப் பூக்கட்டிப் பார்த்தோம்

முப்பத்தொன்பது வயதில் கழுத்தை நீட்டியவளுக்குத் தேனிலவு ஒரு கேடா என்று என் சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். முகத்துக்கு நேரே யாரும் கேட்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பதினைந்து வருஷமாகக் கணக்கு டீச்சராக இருப்பவளின் வாய்க்கு எல்லோருக்கும் பயம்தான்.

என் வீட்டுக்காரருக்கு இது இரண்டாம் கல்யாணம். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரித்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறவர். முதல் மனைவி இறந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. ஆண்டாள் கோயிலில் சுருக்கமாகத் தாலி கட்டிக்கொண்டு அன்றைக்கே அவர் வீட்டுக்குப் போனேன். போன ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது, அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இல்லை.

பேய், பிசாசு என்று எதையும் சொல்ல வரவில்லை. அடுக்களை டப்பாக்களில் மல்லி, உளுந்து, துவரை என்று ஒட்டியிருந்த சீட்டுகள் அவள் கையெழுத்து. துணி காயப்போடும் கொடி அவள் உயரத்துக்குக் கட்டியது. நான் குள்ளம், எக்கி எக்கித்தான் போட வேண்டும். அவர் என்னைக் கூப்பிடும் முன் ஒவ்வொரு தடவையும் வாய் திறந்து ஒரு நொடி நிற்கும், அதற்குப் பிறகுதான் என் பெயர் வரும். தப்பான பெயர் வந்துவிடக் கூடாதே என்று அந்த மனுஷன் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காது. ஒரு தடவையாவது தப்பியிருந்தால் ஒரு மூச்சு சண்டை போட்டு முடித்திருப்பேன். அவர் தப்பவே இல்லை. அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை. ஹாலில் மாலை போட்ட படத்தில் அவள் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இத்தாலிக்குப் போவோம் என்று சொன்னவர் அவர்தான். அவரிடம் துணி வாங்கும் வியாபாரி ஒருவர் இத்தாலியின் தெற்கில் பூலியா என்னும் பகுதியில் இருக்கிறார். பல வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம். பத்து நாள், ஒரே இடம், ஊர் ஊராக ஓடக் கூடாது, சாப்பிட்டுத் தூங்கி எழுந்து கடலைப் பார்த்தால் போதும் என்று பேசி வைத்தோம். அதுவரை எந்தச் சண்டையும் இல்லை.

பூலியாவின் படங்களைக் காட்டினார். சமதளம், சுண்ணாம்பு அடித்த வீடுகள், கூம்புக் கூரைகள், கண்ணுக்கு எட்டிய மட்டும் ஆலிவ் மரங்கள். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பக்கத்தில் தேடும்போது சிசிலி கண்ணில் பட்டது. புகைந்துகொண்டு ஒரு மலை, அதன் காலடியில் எலுமிச்சைத் தோப்பு, தோப்பு முடிந்த இடத்தில் கடல். பிறந்ததிலிருந்து மேற்கே மலையைப் பார்த்து வளர்ந்தவள் நான். மலைக்குக் கீழே கடலும் இருந்தால் வேறு என்ன வேண்டும்? சிசிலிக்கே போவோம் என்றேன்.

அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"சிசிலி வேண்டாம். ஏறி இறங்கணும். ஓய்வா இருக்காது."

"நாம என்ன மலையிலயா ஏறப் போறோம்? சன்னல்ல இருந்து பாக்கப் போறோம், அம்புட்டுதான."

"பூலியான்னா தெரிஞ்ச ஆள் இருக்காரு. சொன்னாக் கேளு."

ஒரு மாசம் இப்படியே போனது. எதற்கும் பிடிவாதம் பிடிக்காத மனுஷன் இதில் மட்டும் இறங்கி வரவே இல்லை. அவளோடு போக நினைத்த இடம் பூலியாவாகத்தான் இருக்கும், அவள் பார்க்காமல் விட்டதை என் கண்ணால் பார்க்க வைக்கிறார் என்று எனக்குள் ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. விழுந்தது விழுந்ததுதான், பொறாமை தின்ன ஆரம்பித்தது. இந்த வீடு அவளுடையது, கொடி அவளுடையது, டப்பா அவளுடையது. இந்தப் பத்து நாளாவது என்னுடையதாக இருக்கக் கூடாதா? எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

விசாவுக்குச் சென்னையில் தேதி கிடைத்துவிட்டது. எங்கே தங்குவோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மூத்தாளுக்குச் சேலை வைத்துக் கும்பிடும் நாள். சுமங்கலியாகப் போனவளுக்குப் புதுச் சேலையும் பூவும் வளையலும் படத்தின் முன்னால் வைத்துக் கும்பிட்டு, அந்தச் சேலையை இரண்டாவதாக வந்தவள் கட்டிக்கொண்ட பிறகுதான் வெளியூர்ப் பயணமோ வேறு நல்ல காரியமோ. அவர்கள் வீட்டு வழக்கம் அது. அதற்காக அவளைப் பெற்ற அம்மா வத்திராயிருப்பிலிருந்து பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் மாறி, ஒரு பை நிறைய மாங்காயோடு வந்து இறங்கினார். என்னிடம் மரியாதையாகத்தான் பேசுவார், ஆனால் என் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். நான் அவரைக் குறை சொல்ல முடியுமா? மகள் இருந்த இடத்தில் இன்னொருத்தி காப்பி ஆற்றிக் கொடுக்கிறாள்.

அன்றைக்கும் பூலியாவா சிசிலியா என்று நாங்கள் முட்டிக்கொண்டதை அந்த அம்மா கேட்டுவிட்டார்.

"ரெண்டு பேரும் எதுக்கு மல்லுக்கு நிக்கிய? பூக்கட்டிப் பாத்துருவோம். அவளே சொல்லட்டும்."

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுத்தால் அதுதான் உத்தரவு. எனக்கு வந்த வரன்களுக்கெல்லாம் என் அம்மா பூக்கட்டிப் பார்த்தார். வெள்ளை வந்தால் சம்மதம். ஒவ்வொரு தடவையும் சிவப்பே வந்து வந்து என் வயசு போயிற்று. இந்தக் கல்யாணத்துக்கு மட்டும்தான் நான் யாரையும் பூக்கட்ட விடவில்லை. இப்போது கேட்கப்போவது சாமியிடம்கூட இல்லை, அவளிடம்.

சிவப்பு வந்தால் பூலியா, வெள்ளை வந்தால் சிசிலி என்று பேச்சு. பொட்டலம் கட்டும் வேலை எனக்கு. கொல்லையில் நந்தியாவட்டையும் செவ்வரளியும் பறித்தேன். வாழையிலையை இரண்டாகக் கிழித்தேன். இரண்டிலும் நந்தியாவட்டையை வைத்து நாரால் கட்டினேன். அரளியைக் கசக்கி வாழைக்கு அடியில் போட்டு மண்ணைத் தள்ளினேன். எடுத்த பொட்டலத்தைத்தான் பிரிப்பார்கள். மற்றதைப் பிரிக்கக் கூடாது, கிணற்றில் போட்டுவிட வேண்டும். அந்தத் தைரியம்தான்.

அந்த அம்மா கண்ணை மூடி மகளிடம் ஏதோ முணுமுணுத்துவிட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. என் வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அத்தை," என்றார். "அவ கேட்டதும் அதுதான். சிசிலி."

அன்றுதான் முதல் தடவையாக அவளைப் பற்றிப் பேசினார். மலையையும் கடலையும் ஒரே சன்னலில் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டாளாம். பூலியா என்றால் வியாபாரியையும் பார்த்த மாதிரி இருக்கும் என்று இவர் சொல்லியிருக்கிறார். சண்டையாகி, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அடுத்த வருஷம் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். கடைசிவரை அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை.

"அதுக்குத்தான் அந்த ஊர் வேண்டாம்னேன். அவளுக்கு இல்லைன்னு சொன்ன எடத்துக்கு எந்த மூஞ்சியோட போவேன்? இப்ப அவளே குடுத்துட்டா. கோவம் போயிருச்சு, அத்தை."

அந்த அம்மா அழுதுகொண்டே என் நெற்றியில் குங்குமம் வைத்தார். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "ஏட்டி, எம்மக உன்னைய ஏத்துக்கிட்டா" என்றார். அவளிடமிருந்து தப்பிக்கக் கட்டிய பொட்டலம் என்னை நேராக அவள் மடியில் கொண்டுபோய்ப் போட்டது. மற்றப் பொட்டலத்தை நானே கொண்டுபோய்க் கிணற்றில் போட்டேன்.

சிசிலியில் எங்கள் அறை சன்னலிலிருந்து மலையும் தெரிந்தது, கடலும் தெரிந்தது. அவர் மூன்று நாள் வாய் ஓயவில்லை. "அவ பாத்திருந்தா குதிச்சிருப்பா." "இந்த எலுமிச்சம்பழத்தப் பாத்தா ஊறுகா போடணும்பா." நான்கு வருஷம் அடைத்து வைத்திருந்த பேச்செல்லாம் கொட்டியது. என்னைக் கூப்பிடும்போது தயங்குவதுகூட நின்றுவிட்டது, நான் அதையாவது கவனித்துச் சந்தோஷப்பட்டிருக்கலாம். பட முடியவில்லை. அந்த மலையை நான் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு முன்னால் இன்னொருத்தி பார்த்து முடித்திருந்தாள்.

நான்காம் நாள் காலை, தங்கியிருந்த விடுதியின் மாடியில் உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது மறுபடியும் "அவதான் நம்மள இங்க கூட்டிட்டு வந்துருக்கா" என்றார். அவ்வளவுதான், எனக்குப் பொறுக்கவில்லை.

"அவ யாரையும் கூட்டிட்டு வரலை. ரெண்டு பொட்டலத்துலயும் நந்தியாவட்டைதான் வச்சேன். இது நான் கேட்ட ஊரு. நான்!"

கத்திவிட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் திட்டுவார், எழுந்து போவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

"அப்ப அவ கோவம் போகலையா?" என்று கேட்டார்.

என்னைத்தான் கேட்டார். கேட்பதற்கு அவருக்கு வேறு யாரும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள், கணக்கு தப்பா டீச்சர் என்று கேட்டுவிட்டு என் வாயையே பார்க்கும். அப்படிப் பார்த்தார். மூன்று நாளில் தெளிந்திருந்த முகம் மறுபடியும் சுண்டுவதை நான் கண்ணெதிரே பார்த்தேன். பாவி, என்ன காரியம் செய்தேன்.

"இல்லங்க," என்றேன். "பொறாமையில பொய் சொல்லிட்டேன். எப்பப் பாத்தாலும் அவ பேச்சாவே இருக்கேன்னு வயித்தெரிச்சல். ஒண்ணுல சிவப்பு, ஒண்ணுல வெள்ளை. என் கையாலதான் கட்டுனேன். அவ வெள்ளையத்தான் குடுத்தா."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவர் நம்பிவிட்டார். ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தார்.