எரியாத கை

போன வாரம் ஆம்பூரில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே மணியண்ணன். தோல் பதனிடும் ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டி வேலை செய்பவர். நான் ஊர் ஊராகச் சுற்றிய நாட்களில், கொஞ்ச காலம் அவரோடு சேர்ந்து தோல் அலசியிருக்கிறேன்.

பேசிக்கொண்டே இருந்தார். வலது கையில் பீடி. அது எரிந்து எரிந்து விரலுக்கு வந்துவிட்டது. தோல் கருகுகிற வாசம். அவர் பேச்சை நிறுத்தவில்லை...

"அண்ணே, வெரலப் பாருங்க."

பார்த்தார் — யாருடைய விரலையோ பார்ப்பதுபோல. பீடியை உதறிவிட்டுச் சிரித்தார். "கை பழகிடுச்சுப்பா."

ஷெட்டில் இது பெருமையான பேச்சு. புது ஆளுக்குச் சுண்ணாம்புத் தண்ணீரில் கை வெந்துபோகும். சோறு பிசைய முடியாது. எரிச்சல் நின்ற அன்றைக்கு, 'கை பழகிடுச்சு' என்று மற்றவர்கள் டீ வாங்கிக் கொடுப்பார்கள். என் கை பழகவே இல்லை. வேறு ஊருக்குப் போய்விட்டேன்.

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டாம இருப்பனா? வலி இருக்கான்னாரு, இல்லன்னேன். எரிச்சல் இருக்கான்னாரு, அதுவும் இல்லன்னேன். அப்புறம் இன்னாத்துக்குப் பேஜாருன்னு களிம்பு குடுத்து அனுப்பிட்டாரு."

கேள்வியும் சரி, பதிலும் சரி. விரல்தான் கருகிக்கொண்டிருக்கிறது. இதை என்னவென்று சொல்வது?

மறுநாள் அவரை வேலூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா. பேசுவதற்கு முன்னால் கொஞ்சம் பஞ்சை எடுத்து முனையைத் திரித்தார்.

"கண்ண மூடிக்குங்க. நான் தொடும்போதெல்லாம் 'ம்' சொல்லுங்க."

இடது கை. ம்... ம்... ம்.

வலது கைக்கு வந்தார். பஞ்சு மணிக்கட்டைத் தொட்டது. உள்ளங்கையைத் தொட்டது. சுண்டு விரலைச் சுற்றி வந்தது. ஒரு 'ம்' கூட வரவில்லை. மணியண்ணன் கண்ணை மூடியபடி மரியாதையாகக் காத்திருந்தார்.

"எப்பம்மா ஆரம்பிப்பீங்க?"

நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

"கண்ணத் திறங்க."

திறந்தார். பஞ்சு அவர் உள்ளங்கையில் உட்கார்ந்திருந்தது.

டாக்டரம்மா நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "உங்க தொட்டியில தோலு ஊறுதே... அதுக்கு எரியுமா?"

"அதுக்கு எப்டிம்மா எரியும்? செத்த தோலு..."

பாதியில் நிறுத்திவிட்டார். தன் கையை மெதுவாகத் திருப்பிப் பார்த்தார்.

"பயப்படாதீங்க, உங்க கை சாகல. சேதி கொண்டு போற நரம்பு மட்டும் கெட்டுப்போச்சு. இது சுண்ணாம்பால வந்தது இல்ல, ஒரு கிருமி. அதுக்கு மாத்திரை இருக்கு. நாங்க சொல்ற வரைக்கும் நிறுத்தாம சாப்பிடணும். போன உணர்ச்சி முழுசாத் திரும்புமான்னு என்னால சொல்ல முடியாது. இருக்கிற விரல்களக் காப்பாத்த முடியும்."

தொழுநோய் என்ற பெயரை அதற்குப் பிறகுதான் சொன்னார். முதலிலேயே சொல்லியிருந்தால்? மணியண்ணன் எழுந்து போயிருப்பார். மாத்திரை என்ற சொல் அவர் காதில் விழுந்தே இருக்காது.

"என் புள்ளைங்களுக்கு ஒட்டிக்குமாம்மா?"

"மாத்திரை உள்ள போச்சுன்னா ஒட்டாது. அவங்களையும் ஒருவாட்டி கூட்டிட்டு வாங்க, பாத்துடலாம். சரி, வீட்ல சம்சாரம் கேட்டா இன்னா சொல்வீங்க?"

"வலிக்கலன்னு சும்மா இருந்தது தப்புன்னு சொல்வேன். மாத்திரைய நிறுத்தக் கூடாது. சூடு, கத்தி எல்லாம் கண்ணால பாத்துப் பாத்துத் தொடணும்."

டாக்டரம்மா தலையாட்டினார். நோயாளி தன் வாயால் திருப்பிச் சொல்கிறவரை எந்த விளக்கமும் டாக்டர் தனக்குத்தானே பேசிக்கொண்டதுதான் — எனக்கு அப்படித்தான் படுகிறது.

சாயங்காலம் ஆம்பூரில் இறங்கி டீ குடித்தோம். கூட வேலை செய்யும் ஜபார் பாய் வந்து உட்கார்ந்தார். மணியண்ணன் எதையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஜபார் பாய் சிரித்தார்.

"இதுக்கா வேலூர் போன? எனக்குந்தான் எரியறதே இல்ல. உன் கையவிட என் கை சீனியர்டா."

மணியண்ணன் சிரிக்கவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"கண்ண மூடு, தோஸ்த்."