கையெழுத்து வைக்காத போடியார்

கிளாக்கர் அண்ணையின் சாப்பாட்டுப் பையில் சோற்றுப் பெட்டிக்கு மேலே எப்போதும் ஒரு தடித்த புத்தகம் இருக்கும். முதுகு கிழிந்த புத்தகம். நூலகத்துக்காரர்கள் வேண்டாமென்று வாசலில் ஒரு பெட்டிக்குள் போட்டிருந்ததை எடுத்து வந்திருந்தார். அட்டையில் பருப்புக் கறி பட்ட மஞ்சள் கறை. அமெரிக்கா இங்கிலாந்தை விட்டுப் பிரிந்த காலத்தில் வாழ்ந்த ஓர் அரசியல்வாதியின் வாழ்க்கை அது. அந்த மனிதரைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை. எங்களோடு வேலைக்கு பஸ்ஸில் வந்த வெள்ளைக்காரர்களுக்கும் தெரியவில்லை. இந்தக் கதையில் நான் யாருடைய பெயரையும் எழுதப்போவதில்லை, அவருடையதையும் சேர்த்துத்தான். கிளாக்கர் அண்ணை அவருக்கு வைத்த பெயரே போதும்: போடியார். மட்டக்களப்புப் பக்கத்தில் பெரிய வயல்காரரை அப்படித்தான் சொல்வார்கள். அந்த மனிதர் சட்டத்தரணி, நிறையக் காணி உள்ளவர், இங்கிலாந்து போட்ட வரிகளை எதிர்த்து ஒரு கமக்காரன், சாதாரண விவசாயி, எழுதுவதுபோலப் பத்திரிகைக்குக் கடிதம் கடிதமாக எழுதியவர். "வயலும் இருக்கு, வாயும் இருக்கு. எங்கட போடியார்தான் கா இவர்" என்பார் அண்ணை, மட்டக்களப்பாரின் அந்தக் 'கா'வையும் சேர்த்து.

மட்டக்களப்புக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கராக இருந்தவர் அவர். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு தனியாகக் கனடாவுக்கு வந்து, ரொறன்ரோவின் மல்வேர்னில் எங்கள் பில்டிங்கின் ஏழாம் மாடியில் ஒரு அறையில் இருந்தார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில் விசாவுக்காகக் காத்திருந்தார்கள். நான் யாழ்ப்பாணத்துக்காரி, கணவரோடும் மகனோடும் ஐந்தாம் மாடி. இருவருக்கும் ஒரே பிளாஸ்ரிக் தொழிற்சாலை, ஒரே பஸ், நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் போடியார் கதைதான். நல்லதை மட்டும் சொல்லமாட்டார். போடியாரின் வயல்களில் அடிமைகள் வேலை செய்ததையும், அவர்களை அவர் பிந்தித்தான் விடுதலை செய்ததையும் முகத்தைச் சுளித்துக்கொண்டே சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் பில்டிங்கில் யாராவது ஒரு வீட்டில் அவருக்குச் சாப்பாடு இருக்கும். பிள்ளைகளின் பிறந்தநாளுக்கெல்லாம் முதல் ஆளாக வந்து நிற்பார். எங்களை விட்டால் ரொறன்ரோவில் அவருக்கு வேறு ஆட்கள் இல்லை.

எங்களுக்கு ஒரு பிரச்சினை இருந்தது. பிள்ளைகளுக்கான தமிழ் வகுப்பை ஒரு பெரிய சங்கம் நகரத்தின் மறு கோடியில் நடத்தியது. சனிக்கிழமை காலையில் இரண்டு பஸ், ஒரு சப்வே. மாரியில் பிள்ளைகளோடு பஸ் தரிப்பில் நின்று விறைத்துப் போவோம். மல்வேர்னிலும் ஒரு வகுப்பு வையுங்கள் என்று மூன்று கடிதம் எழுதினோம். மூன்றும் கிளாக்கர் அண்ணையின் முத்து முத்தான கையெழுத்தில். மூன்றுக்கும் ஆலோசிக்கிறோம் என்றுதான் பதில் வந்தது. கடைசியில், பிரிந்து போவோம், எங்கள் பில்டிங்கின் பார்ட்டி ரூமில் நாங்களே வகுப்பு வைப்போம் என்று முடிவாகிற நிலைமை. எனக்கு ரைப் அடிக்கத் தெரியும் என்பதால் என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். பிரிகிறோம் என்ற கடிதத்தை நானே அடித்தேன். கீழே குடும்பத்துக்கு ஒரு புள்ளிக்கோடு. முதல் கோட்டுக்குக் கீழே கிளாக்கர் அண்ணையின் பெயரைப் போட்டேன். அவரைக் கேட்கவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

இதை முடிவுசெய்யக் கூட்டம் வைத்தோம். அதற்கு முதல்நாள் பஸ்ஸில் போடியார் கதை முக்கியமான இடத்துக்கு வந்திருந்தது. எல்லோரும் பிரிவோம் என்று துடிக்க, இவர் மட்டும் அரசனுக்கு இன்னொரு மனு எழுதிப் பார்ப்போம் என்று நின்றாராம். மனு எடுபடவில்லை. அதன் பிறகும் அவசரப்படவேண்டாம் என்றே வாதாடினாராம். வாக்கெடுப்பு அன்று சபைக்குள் வரவில்லை. சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்தும் வைக்கவில்லை. "பயந்தாங்கொள்ளி போலை" என்றேன் நான். "கதை இன்னும் முடியல்ல கா" என்று புத்தகத்தை மூடினார்.

அடுத்தநாள் பார்ட்டி ரூமில் கிளாக்கர் அண்ணை எழுந்து நின்றார். "இன்னுமொரு கடிதம் எழுதிப் பாப்பம். நாம இருக்கிறதே கொஞ்சப் பேர். இண்டைக்கு ரெண்டாப் பிரிஞ்சா மறுகா நாலாப் பிரியும்." எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது. வாயை அடக்கத் தெரியாத வயது என்று சொல்லலாம், ஆனால் எனக்கு அப்போதே முப்பத்தைந்து. "உங்களுக்கென்ன அண்ணை, பிள்ளையளை இழுத்துக்கொண்டு ஸ்நோவுக்குள்ளை நிண்டால்தானே தெரியும். உங்கடை பிள்ளையள் இஞ்சை இல்லைத்தானே" என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டேன். "ஓம், இல்லத்தான்" என்றார் அவர். வாக்கெடுப்பு என்றதும், "நான் இருந்தா ஒரு கை குறையும். நீங்க எல்லாரும் ஒண்டா முடிவெடுங்க" என்று சொல்லிவிட்டுக் குளிர்க் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. முதல் புள்ளிக்கோடு வெறுமையாகவே கடிதம் போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகு பஸ்ஸில் அவர் முன்னுக்கும் நான் பின்னுக்குமாக இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அவரைக் கூப்பிடுவதும் நின்றுபோயிற்று. ஒருவரும் அப்படி முடிவெடுக்கவில்லை. ஆனால் எல்லோரும் மற்றவர் கூப்பிடட்டும் என்று இருந்தார்கள். "போய் மன்னிப்புக் கேளும்" என்றார் என் கணவர். கேட்கத்தான் நினைத்தேன். அவருடைய தலையின் பின்பக்கத்தை நாற்பது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இறங்கிப் போய்விடுவேன். வெட்கம் ஒரு பக்கம், வீம்பு ஒரு பக்கம். அந்த மனிதர் அறையில் தனியே இருந்து சாப்பிடுவதற்கு என் நாக்குத்தான் காரணம் என்று எனக்குத் தெரியும்.

வகுப்புத் தொடங்கிய சனிக்கிழமை முழங்கால் அளவுக்கு ஸ்நோ. கதிரைகள் அடுக்கவேண்டுமே என்று நான் நேரத்துடன் கீழே வந்தால், பார்ட்டி ரூமில் லைற் எரிகிறது. கதிரைகள் வரிசையாக இருக்கின்றன. மூலையில் கிளாக்கர் அண்ணை குந்தியிருந்து பென்சில் சீவிக்கொண்டிருக்கிறார். "தங்கச்சி, சின்னாக்கள என்னட்டத் தாங்க. அதுகள்தான் ஒரு இடத்தில இருக்காதுகள்" என்றார், நேற்றும் பேசிக்கொண்டிருந்தவர்போல. எனக்கு மன்னிப்பு வாயில் வரவில்லை. "போடியார் பிறகு என்ன செய்தவர் அண்ணை?" என்றுதான் வந்தது.

"மறுகா என்ன கா? கையெழுத்து வைக்கல்ல. ஆனா கொஞ்ச நாளில தன்ர ஆக்களக் கூட்டிக்கிட்டு இங்கிலாந்துக்கு எதிரான அந்தச் சண்டைக்கே போனவர். முடிவு எடுக்குமட்டும் வாதாடலாம். எடுத்தா மறுகா அது எல்லார்ர முடிவும்தான்."

"நான் அண்டைக்குச் சொன்னது பிழை அண்ணை."

"அந்தப் பென்சில் பெட்டிய இஞ்சால தள்ளுங்க" என்றார். அவ்வளவுதான். அடுத்தநாள் மத்தியானம் எங்கள் வீட்டில் அவருக்குக் கணவாய்க் கறி வைத்தேன். இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இப்போது நான் ரொறன்ரோவுக்கு வெளியே அஜக்ஸில் இருக்கிறேன். அவர் சொன்னபடியே சங்கங்கள் இரண்டாகி, நாலாகி, இன்றைக்கு எத்தனை என்று எனக்கே தெரியாது. ஒவ்வொன்றும் பிறந்த செய்தி கேட்கும்போது அவரை நினைத்துச் சிரித்துக்கொள்வேன். எங்கள் ஆட்கள் மூன்று பேர் சேர்ந்தால் முதலில் ஒரு யாப்பு, நாட்டுக்கு அரசியல் சட்டம்போலச் சங்கத்துக்கு ஒன்று, எழுதவேண்டும். எங்கள் சிறிய சங்கத்துக்கும் இரண்டு வருடம் கழித்து அந்த ஆசை வந்தது. எழுதியவர் கிளாக்கர் அண்ணை. தீர்மானத்தை எதிர்த்தவரும் கையெழுத்து வைக்காதவரும் உறுப்பினரே என்று ஒரு விதி அதில் உண்டு. வாசித்தபோது எல்லோரும் குனிந்துகொண்டார்கள்.

யாப்பில் கையெழுத்து வைக்கும் நாளில்தான் அவருடைய குடும்பம் வந்து இறங்குகிற விமானமும். என் கணவர் கார்த் திறப்பைக் கையில் குலுக்கி அவசரப்படுத்த, அண்ணை குளிர்க் கோட்டை உட்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "தங்கச்சி, என்ர பேர நீங்களே வைங்க" என்றார். அது செல்லுமா என்று கேட்டேன். "போடியாரும் நாட்டு யாப்புக்கு அப்பிடித்தான். நோயில மேலுக்கு ஏலாம முன்னமே வீட்ட போனவர். கூட்டாளிதான் அவர்ர பேர வெச்சது" என்று சொல்லிவிட்டு ஓடினார். அவசரத்துக்குக் கட்டிய கதையோ என்று பிறகு அந்தப் புத்தகத்தை வாங்கித் தேடிப் பார்த்தேன். உண்மைதான்.

அவருடைய பெயரை என் கையால் எழுதினேன். அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளின் பெயர் பதிகிற வகுப்பு இடாப்பைத் திறந்து, புதிதாக வந்த இருவருடைய பெயர்களையும் எழுதப் பேனாவை எடுத்தேன். அண்ணை கையை நீட்டினார். பேனாவைக் கொடுத்தேன். தன் பிள்ளைகளின் பெயர்களை அவரே எழுதினார்.