என் கணிப்பில் சிக்கிய கல்யாண வீடியோ

இன்று காந்தி ரோட்டில் ஒரு டிவி ரிப்பேர் கடைக்குப் போனேன். கையில் மகளின் கல்யாண வீடியோ.

ப்ளூரே, எச்.டி. டிவிடி என்று இரண்டு வகை வீடியோ வட்டுகள் போட்டி போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நடந்த கல்யாணம். "எதுல போட்டுத் தரட்டும் சார்?" என்று வீடியோக்காரர் கேட்டார். எச்.டி. டிவிடிதான் ஜெயிக்கும் என்று அந்த வாரம்தான் பத்திரிகையில் எழுதியிருந்தேன். அதையே சொன்னேன். சில மாதங்களில் அது தோற்றுவிட்டது. பிறகு என் பிளேயரும் பழுதாகிவிட்டது.

என் மனைவியின் குரல் இருப்பது அந்த ஒரு வட்டில்தான். அவள் போய் மூன்று வருடம் ஆகிறது.

கடைக்காரர் வட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"இது ப்ளூரேல ஓடாது சார். இதுக்குத் தனி பிளேயர் வேணும். நானே ஒண்ணு வச்சிக்கினு இருந்தேன். எவனோ பேப்பர்ல எழுதினான் சார், இதுதான் நிக்கும்னு. நம்பி வாங்கினேன். போன போகிக்குதான் காயலாங்கடையில தூக்கிப் போட்டேன்."

"எழுதினது யாருன்னு ஞாபகம் இருக்குதா?"

"அவன் பேரு யாருக்கு சார் தெரியும்? கையில கெடச்சா நல்லா கேப்பேன்."

நான் வட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் எழுதியதை நம்பி அந்தப் பிளேயரை வாங்கியவர்கள், இன்னும் பரணில் வைத்திருந்தால் கீழே எழுதுங்கள். முதலில் திட்டிவிடுங்கள். பிறகு வட்டோடு எப்போது வரலாம் என்று சொல்லுங்கள்.