அய்யனார் பார்வைக்கு மறைவாக ஒரு மின் நிலையம்

தர்மராஜ் சார் போய்விட்டார் என்று அருப்புக்கோட்டை பேருந்து நிலையத்தில் பழைய அலுவலக நண்பர் சொன்னார். காரியமும் முடிந்துவிட்டதாம். அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவரை அறிந்த உங்களிடம் ஒன்றைச் சொல்லாமல் அவருக்கு அஞ்சலி எழுத என்னால் முடியாது.

எண்பதுகளில் திருச்சுழிப் பக்கம் புதிய மின் நிலையம் கட்டியபோது அவர் பொறியாளர், நான் வரைவாளர். நிலம் கொடுத்த ஊரார் ஒரே நிபந்தனை போட்டார்கள். குதிரை மேல் வீற்றிருக்கும் அய்யனாரின் பார்வையில் கட்டடம் விழக்கூடாது. சாமி பார்வைக்கு நேரே அங்கே யாரும் வீடுகூடக் கட்டுவதில்லை. மேலதிகாரிகள் சிரித்தார்கள். சார் வாக்குக் கொடுத்தார். "மறைக்கணும்னா யாரு கண்ணுக்குன்னு முதல்ல கேக்கணும்" என்பார். புகைபோக்கியைத் தெற்கு மூலைக்குத் தள்ளினார். எஞ்சின் கூடத்தை மறைக்க, கோயிலுக்கு எதிரே மண் கரை போடத் தீர்மானித்தார்.

கரைக்கு அளவெடுக்கப் போனவன் நான். குதிரையின் காலடியில் நின்று என் கண் மட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். கரை எழும்பியதும் பூசாரி வந்து பார்த்தார். "நீங்க நின்னு பாக்குற ஒசரத்துக்குச் சரிதேன் சார். எங்க சாமி தரையிலயா நிக்காரு?" என்றார். சார் பூசாரியிடம் உத்தரவு கேட்டு, குதிரைக்குப் பக்கத்தில் ஏணி போட்டு ஏறினார். கூடம் முழுசாகத் தெரிந்தது.

கரைக்குப் போட்ட பணம் வீண் என்று மேலிடத்திலிருந்து விசாரணை வந்தது. "அளவு என்னோடதுதான்" என்றார் சார். பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் ஏன் என்று கேட்டேன். "ஒனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகல. பேசாம வா" என்றார். அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு அத்தோடு நின்றது.

கரையை உயர்த்த அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. கரிசல் மண் மழைக்குக் கரைந்து ஓடியது. ஞாயிறு தவறாமல் போய் மண்ணை அணைத்தார், வேம்பு வைத்தார். கடைசியில் பூசாரியே ஏணியில் ஏறி, "இனி சாமிக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொன்ன பிறகுதான் ஓய்ந்தார்.

தொண்ணூறுகளில் அவருக்கு நடந்த பிரிவு உபசாரக் கூட்டத்துக்கு நீங்களும் வந்திருப்பீர்கள். 'சாமி உயரம் தெரியாத இன்ஜினியர்' என்று மேடையில் ஒருவர் கேலி செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்த அளவை எடுத்தது நான். இனி அந்தக் கேலியைச் சொல்கிறவர்கள் என் பெயரைச் சேர்த்துச் சொல்லுங்கள். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கேலி ஒன்றுதான்.