நிறுத்த முடியாத வண்டி

தொண்ணூறுகளில் குளத்தூர் கடற்கரையில் என் மாமனாரின் பிக்கப் வண்டியை ஓட்டினேன். ஓட்டினேன் என்பதைவிட அதற்குள் கிடந்தேன் என்பதுதான் சரி. ஸ்டார்ட்டர் மோட்டார் எப்போது சாகும் என்று சொல்ல முடியாது. அதனால் விடியலில் தள்ளிக் கிளப்பிய எஞ்சினை மீன் இறக்கித் திரும்பும்வரை அணைக்கவே மாட்டேன். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அந்த மூதேவி இருமிக்கொண்டு நின்றுவிடும். டீயும் தோசையும் ஜன்னல் வழியாகத்தான் வரும். மூத்திரத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கட்டினவளோடு இருந்ததைவிட அந்த சீட்டோடு இருந்த நேரம்தான் அதிகம்.

நான் தனுவச்சபுரத்துக்காரன். கல்யாணமானதும் மாமனார் வீட்டோடு வந்தவன். அவருக்கு வள்ளம் ஓட்டத் தெரியும், வண்டி ஓட்டத் தெரியாது. "வண்டி செரியாவட்டு மக்கா, வித்துப்போட்டு நீங்க ரெண்டுபேரும் உங்க ஊர்ல போய் இருங்க" என்று சொல்லியிருந்தார். ஊரில் ஒரு பள்ளிக்கூட வண்டியில் டிரைவர் வேலை எனக்காகக் காத்திருந்தது. ஜூனில் பள்ளி திறக்கும், அதற்குமேல் காத்திருக்காது. வாடகைக்கு வீடும் பார்த்திருந்தோம். என் மனைவி அந்த வீட்டு ஜன்னலுக்குத் திரைகூடத் தைத்து மடித்து வைத்துவிட்டாள்.

அமரவிளையில் ஒரு எலக்ட்ரீஷியன் மோட்டாரைக் கழற்றிச் செம்புக்கம்பிக் காயில் சுற்றிக் கொடுப்பார். பெஞ்சில் வைத்து பேட்டரியைத் தொட்டால் ஜம்மென்று சுற்றும். வண்டியில் மாட்டினால் சில வாரம்தான். முதலில் முனகல், அப்புறம் டக் டக், கடைசியில் கருகல் நாற்றம். "சாதனம் நல்லதாக்கும். உமக்க கைதான் கொள்ளாது" என்று என்னையே குறை சொல்வார் அவர். அந்த மோட்டாரைத் தூக்கி அவர் தலையிலேயே போட்டால் என்ன என்றிருக்கும் எனக்கு. பேட்டரியை மாற்றினேன், சாவி சுவிட்சை மாற்றினேன். ஒரு மண்ணும் ஆகவில்லை.

மே மாதத்தில் ஒரு நாள் அமரவிளை செக்போஸ்ட்டில் மறித்தார்கள். பின்னால் மீன்கூடைகளும் மீன் விற்கப்போகும் பெண்களும். காக்கிச் சட்டைக்காரர் ஜன்னலைத் தட்டி, "வண்டி ஓஃப் ஆக்கெடோ!" என்றார். கெஞ்சிப் பார்த்தேன், கேட்கவில்லை. அணைத்தேன். அவர் கூடைகளை எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கை காட்டியபோது வண்டி பிணமாகக் கிடந்தது.

"எறங்குங்கட்டீ, மாப்பிளைக்க தேர இழுப்போம்" என்றாள் ஒரு அக்கா. "கெட்டினவ தொட்டதவிட நாங்களாக்கும் இவனுக்க வண்டிய அதிகம் தொட்டது!" சிரித்துக்கொண்டேதான் தள்ளினார்கள். ஆனால் தார் கொதித்தது. ஒருத்தி செருப்பு அறுந்து வெறுங்காலோடு துள்ளித் துள்ளித் தள்ளினாள். எஞ்சின் பிடிக்கவில்லை. அவமானத்தில் எனக்குக் காது சுட்டது.

ஓரம் கட்டி பானெட்டைத் திறந்தேன். அந்த அக்காவை உள்ளே உட்காரவைத்து, "சாவியத் திருப்புங்க, விடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தேன். கை போய் ஆக்சிலேட்டர் கேபிள் மேல் பட்டது. அம்மா! தோல் வெந்துவிட்டது.

"எந்தா, பாம்பா?" என்றாள் அக்கா.

பாம்பாக இருந்தால்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். அந்தக் கேபிளுக்கும் கரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. அது ஏன் சுட வேண்டும்? மோட்டாருக்குப் போன கரண்ட் எஞ்சின் உடம்பு வழியாகச் சேஸிஸுக்கு இறங்கி பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அதற்கென்று தடித்த எர்த் பட்டை ஒன்று எஞ்சினையும் சேஸிஸையும் சேர்த்துக் கட்டியிருக்கும். அந்த வழி அடைபட்டதால்தான் கரண்ட் கிடைத்த சந்தில், இந்தக் கேபிள் வழியாக, ஓடியிருக்கிறது. மோட்டாரும் முழுக் கரண்ட் கிடைக்காமல் திணறித் திணறிக் கருகியிருக்கிறது.

வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தேன். பட்டையை முறுக்கியிருந்த இடம் கன்னங்கரேலென்று மினுங்கியது. அண்டியெண்ணெய்! முந்திரிக்கொட்டைத் தோட்டில் எடுப்பது. கோயில் பெருநாளுக்கு முன்னால் மாமனார் வள்ளத்துக்கு அடிக்கும்போதெல்லாம் வண்டிக்கடியிலும் அடிப்பார், உப்பு இரும்பைத் தின்னாமலிருக்க. மனுஷன் அரைகுறை வேலை செய்ய மாட்டார். ஒவ்வொரு நட்டாகக் கழற்றி, அடியிலும் தேய்த்து, காயவைத்து முறுக்குவார். காய்ந்தால் அது அரக்கு. கரண்ட் எங்கே போகும்?

அக்காவிடம் மீன்கத்தியை வாங்கி வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டினேன். பட்டையை வைத்து, எனக்கிருந்த எரிச்சலையெல்லாம் சேர்த்து முறுக்கினேன். சாவியைத் திருப்பினேன். பெஞ்சில் சுற்றியதைப்போலவே சுற்றியது. அன்றைக்குத்தான் பல மாதங்களுக்குப் பிறகு எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி நின்று டீ குடித்தேன்.

வீட்டில் சொன்னதும் மாமனார் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார், அணைத்தார், மறுபடி திருப்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

"அப்போ விக்கதுக்கு ஆளப் பாக்கலாம்லா மாமா?" என்றேன்.

"எதுக்கு?" உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. "கேடான வண்டியத்தானே மக்கா விப்பாவ? இனி இத எவனாவது விப்பானா? அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வேற ஆளு கிட்டும்."

அடுக்களை வாசலில் நின்ற என் மனைவி உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் விடியலில் அவள் வண்டியருகே நின்றாள். கையில் ஸ்பேனர்.

"எந்த நட்டு? காட்டித் தாங்க."

"என்னத்துக்கு?"

"கேடானாத்தானே அப்பன் விப்பாராம். கொஞ்சம் அயத்துனா போதும்லா?"

அரைத் திருப்பு போதும். நடுவில் ஒரு கடதாசித் துண்டு வைத்தாலும் போதும். எங்கே என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஸ்பேனரை வாங்கிக் குனிந்தேன்.

அதற்குள் பெண்கள் கூடையோடு வந்துவிட்டார்கள். முந்தின நாள் வெறுங்காலில் தள்ளியவள் காலில் துணி சுற்றியிருந்தாள். "இனி தள்ளண்டாம் இல்லியா மக்கா? ராத்திரி முழுக்க நெனச்சு நெனச்சு சந்தோசப்பட்டேன்" என்றாள்.

ஸ்பேனரை சீட்டுக்கடியில் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தேன். ஒரே திருப்பு, எஞ்சின் பிடித்துக்கொண்டது. பெண்கள் கைதட்டினார்கள். அடுத்த வாரம் எங்கள் வீட்டு ஜன்னலில், அதாவது மாமனார் வீட்டு ஜன்னலில்தான், அவள் தைத்த அந்தத் திரை தொங்கியது. அகலம் போதாமல் ஒரு பக்கம் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.